வெள்ளிக்கிழமை விரதம் உடலுக்கு நன்மை தருமா? நீரிழிவுள்ள அம்மா தொடர்ந்து பிடிக்கலாமா?

கோண்டாவில் மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய அம்மாவுக்கு 71 வயது. திருமணமான காலந்தொட்டு 48 வருடங்களாக வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்து வருகிறார். விடியற்காலையில் முழுகிக் கோயிலுக்குப் போய் வந்து, மத்தியானப் பூசை மணி கேட்கும் வரைக்கும் ஒரு வாய் தேநீரும் குடிக்காமல் இருந்து, அதன் பிறகு ஒரு பொழுது சோறு உண்பார். கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டுந்தான். 11 வருடங்களுக்கு முன்னர் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. காலையில் கிளிக்ளசைட் குளிசையும், இரண்டு வேளை மெற்போமின் குளிசையும் எடுக்கிறார்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், முற்றத்தில் பூப்பறித்துக்கொண்டு நின்றவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, நான் கூப்பிட்டதற்கு மறுமொழி சொல்லவும் இயலாமற் போய்விட்டது. பக்கத்து வீட்டு அன்ரி ஓடிவந்து சீனித்தண்ணீர் கரைத்துப் பருக்கிய பின்னரே தெளிந்தார். அன்று காலையில் வெறுவயிற்றில் குளிசையை வழக்கம்போலப் போட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி என்னைப் பற்றி. எனக்கு 44 வயது; நாள் முழுவதும் மேசையில் இருந்து செய்யும் வேலை. இந்த ஆண்டு செய்த பரிசோதனையில் வெறுவயிற்றுச் சீனி 112 மில்லிகிராம் என்று வந்தது. நீரிழிவுக்கு முந்திய நிலை என்றும், நிறையைக் குறைக்க வேண்டும் என்றும் வைத்தியர் கூறினார். அதனால் கிழமையில் ஒரு நாள் தண்ணீரை மட்டும் குடித்து விரதம் இருக்கலாம் என்று எண்ணியிருந்தேன். அம்மாவுக்கு நடந்ததைக் கண்ட பின்னர் எனக்குப் பயமாக இருக்கிறது. விடயம் தெரிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

நல்லூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளை, வைத்தியம் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. விரதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விரதம் என்றால் முழுப் பட்டினி என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், சைவ வினாவிடையில் விரதத்துக்கு இலக்கணம் கூறும்போது, உணவை விடுதலோடு உணவைச் சுருக்குதலையும் சேர்த்தே கூறியிருக்கிறார். மனம் புலன்களின் வழியே போகாமல் நின்று வழிபடுவதுதான் அதன் நோக்கம். ஆகவே உங்கள் அம்மா பூசை முடிந்தவுடன் சிறிது பாலும் பழமும் எடுத்தால் விரதம் முறிந்துவிட்டது என்று அவர் வருந்த வேண்டியதில்லை.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். நான் முப்பது வருடங்களாக வெள்ளி விரதம் பிடித்தும் என் உடம்பு இளைக்கவில்லை. காரணத்தை நெடுநாள் யோசித்துப் பார்த்தேன். காலை உணவை விட்ட நியாயத்தில் மத்தியானம் இரண்டு மடங்கு சோறு, அதற்குமேல் பொரித்த குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம். மாலையில் கோயிலில் வடையும் மோதகமும். எங்கள் அப்புமார் இதே விரதத்தைப் பிடித்தார்கள், ஆனால் அவர்கள் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்கள். நாங்கள் சந்திக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிளை எடுக்கிறோம். விரதம் முடித்து உண்ணும் பாறணைக் கோப்பையைக் கவனிக்காமல் விரதத்தைப் பற்றி மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மானிப்பாய் இளைஞர்:

அக்கா, நான் ஒரு வருடமாகத் தினமும் 16 மணி நேரம் உண்ணாமல் இருந்து 9 கிலோ குறைத்திருக்கிறேன். பட்டினி கிடக்கும்போது உடலின் கலங்கள் தம்முடைய பழுதான பகுதிகளைத் தாமே உடைத்துத் துப்புரவாக்குகின்றன. இதனை ஆராய்ந்த யப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நொபெல் பரிசும் கிடைத்தது. எனவே அம்மா விரத நாட்களைக் கூட்டிக்கொண்டு போனால் சீனி தானாகவே இறங்கிவிடும், குளிசைகளையும் நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.

தென்மராட்சி, பொது வைத்தியர்:

சகோதரி, முதலில் உங்கள் அம்மாவைப் பற்றிக் கூறுகிறேன், ஏனெனில் அது காத்திருக்கக்கூடிய விடயம் அன்று. கிளிக்ளசைட் கணையத்தைத் தூண்டி, இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும் குளிசை. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அது வேலை செய்வதில்லை. காலையில் அதைப் போட்டுவிட்டு மத்தியானம் வரை ஒன்றும் உண்ணாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே விழுந்துவிடக்கூடும். நீங்கள் முற்றத்தில் கண்டவை அதற்குரிய அறிகுறிகளே. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசைகளை எடுப்பவர்களும் இன்சுலின் ஊசி போடுபவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் ஒரு நாளும் வெறுவயிற்றில் இருக்கக்கூடாது. வயது கூடக்கூடச் சிறுநீரகத்தின் வேலை குறைவதால் ஆபத்தும் கூடுகிறது.

மேலே எழுதிய தம்பிக்கு நல்ல எண்ணம் இருக்கிறது, ஆயினும் குளிசையை நிறுத்தலாம் என்ற ஆலோசனையை நான் கண்டிப்பாக மறுக்கிறேன். ஓசுமி அவர்களின் அடிப்படை ஆய்வு மதுவம் எனப்படும் ஈஸ்ட் கலங்களில் நடந்தது. ஒரு மனிதர் இத்தனை மணி நேரம் பட்டினி இருந்தால் நீரிழிவு மாறும் என்பதற்கு அந்தப் பரிசு சான்றாகாது.

அடுத்த வெள்ளிக்கு முன்பாக அம்மாவையும் கிளினிக் கொப்பியையும் கூட்டிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடிக்கிறார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். குளிசையின் அளவையோ, எடுக்கும் நேரத்தையோ, குளிசையையோ அவர்கள் மாற்றித் தருவார்கள். அதுவரை அவர் வழமையான நேரத்துக்கு உண்ணட்டும். அறிகுறி மீண்டும் தோன்றினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களின் பின் சீனி அளவைப் பாருங்கள். ஏறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்ததும் ஓர் உணவு கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள்.

இனி உங்களுடைய கேள்வி. ஒரு நாள் பட்டினியில் உடல் என்ன செய்கிறது என்றால், ஈரலில் சேமித்து வைத்திருக்கும் ஏறத்தாழ 100 கிராம் மாச்சத்தை முதலில் செலவழிக்கிறது. அது தீரத்தீரக் கொழுப்பை உடைக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு உங்கள் கேள்விக்கு மிகக் கிட்ட வருகிறது. கெட்ட கொலஸ்ரரோல் கூடியவர்கள் 24 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்து, முதல் நான்கு கிழமைகள் கிழமைக்கு இரண்டு நாளும், பின்னர் 22 கிழமைகள் ஒரு நாளும் விரதம் இருந்தார்கள். கெட்ட கொலஸ்ரரோல் குறையவில்லை. ஆனால் இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு குறைந்தது, உங்கள் நிலையில் உள்ளவருக்கு அது பயனுள்ள செய்திதான். ஆய்வு சிறியது, பங்குபற்றியவர்கள் 100 பேரளவில்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் விரதத்தைத் தினமும் சிறிது குறைத்து உண்பதோடு ஒப்பிட்ட வேறோர் ஆய்வில், ஒரு வருட முடிவில் இரண்டு முறையிலும் நிறை ஏறத்தாழ ஒரேயளவே குறைந்திருந்தது. விரதம் இருந்தவர்களிலேயே இடையில் விட்டுவிட்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

இதைவிட வலுவான சான்று வேறொன்றுக்கு இருக்கிறது. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த 3,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதையும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு, நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. மெற்போமின் கொடுக்கப்பட்டவர்களுக்கு 31 வீதந்தான் குறைந்தது. நீங்கள் வெள்ளிக்கிழமை விரதத்தை அந்த 7 வீதத்துக்குப் போகும் ஒரு வழியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் விட்டால் மிச்சமாவது 2,000 கலோரி அளவுதான். ஆசிரியர் ஐயா எழுதிய பாறணை அதில் பெரும்பகுதியை அன்று மாலையே திருப்பித் தந்துவிடும். பாதிக் கோப்பைக்குக் கீரையும் மரக்கறியும், கால் கோப்பைக்குப் பயறு அல்லது பருப்பு, மீதிக்குக் குத்தரிசிச் சோறு என்று விரதத்தை முடித்தால் அதன் பயன் நிலைக்கும். தண்ணீரும் சீனி போடாத தேநீரும் வேண்டிய அளவு குடியுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குடற்புண் உள்ளவர்கள், யூரிக் அமிலம் கூடி மூட்டுவாதம் வந்தவர்கள், நிறை ஏற்கெனவே குறைந்தவர்கள் ஆகியோர் இதனைத் தவிர்ப்பதே நல்லது.

உரும்பிராய்த் தோட்டக்காரர்:

வைத்தியர் தண்ணீரைப் பற்றி எழுதியதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் செவ்வாய்க்கிழமைகளில் தண்ணீரும் இல்லாமல் விரதம் இருந்து, வைகாசி வெயிலில் வெங்காயத்துக்கு இறைத்தவன். மூன்றாவது வருடம் சிறுநீரகத்தில் கல் வந்து, வலியில் நிலத்தில் உருண்டேன். பட்டினியோடு வெயிலில் தண்ணீர் குடியாமல் நின்றதே காரணமாக இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். இப்போதும் செவ்வாய் விரதம் உண்டு, ஆனால் வரம்பில் ஒரு போத்தல் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

கோண்டாவில் மகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 48 வருட வழக்கத்தை மாற்றினால் முருகனுக்குச் செய்த நேர்த்தியை மீறியதாகிவிடுமோ என்று இன்னமும் தயங்குகிறார்.

பாஷையூர் வாசகி:

உங்கள் அம்மாவின் தயக்கம் எனக்கு நன்றாக விளங்குகிறது, என்னுடைய அம்மாவும் பெரிய வெள்ளிக்கு இப்படித்தான் நின்றார். எங்கள் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில், ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் ஒருசந்திக் கடமை 18 வயதில் தொடங்கி 60ஆம் வயது தொடங்கும்போது முடிந்துவிடுகிறது. பங்குத் தந்தை இதை நேரில் வந்து சொன்ன பிறகே அம்மா காலையில் கஞ்சி குடிக்கச் சம்மதித்தார். பிள்ளைகள் சொல்வதை விடக் கோயிலில் இருந்து வரும் சொல்லுக்கு அவர்கள் மதிப்புக் கொடுப்பார்கள். உங்கள் கோயில் ஐயரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

கோண்டாவில் மகள்:

அவ்வாறே செய்தேன். உடம்புக்கு ஏலாதவர் பாலும் பழமும் எடுத்து விரதம் பிடிப்பதில் குறையொன்றுமில்லை என்று ஐயர் அம்மாவிடமே நேரில் சொன்னார். கிளினிக்கிலும் கொப்பியைக் காட்டிக் கதைத்தோம்; கிளிக்ளசைட்டின் அளவைக் குறைத்து, வெள்ளிக்கிழமைகளில் அதனை மத்தியானச் சோற்றோடு எடுக்கும்படி எழுதித் தந்தார்கள். நேற்று காலைப் பூசை முடிந்ததும் அம்மா ஒரு குவளை சீனியில்லாத பாலும் ஒரு சிறிய வாழைப்பழமும் எடுத்தார். பதினொரு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 128 இருந்தது.

நானும் நேற்று மத்தியானம் வரை தண்ணீரோடும் வெறுந்தேநீரோடும் இருந்து, கீரையும் பயற்றங்கறியும் குத்தரிசிச் சோறுமாக ஒரு பொழுது உண்டேன். மாலையில் கோயிலுக்கு நடந்தே போய் வந்தேன், போக வர 40 நிமிடம் ஆயிற்று. மூன்று மாதம் கழித்துச் செய்யும் பரிசோதனையின் முடிவை இதே இடத்தில் எழுதுகிறேன்.