குடும்ப குரூப்: ட்ரெயின் போல்ட் மரை போச்சு

காலை 7:12
கதிர்: சித்தப்பா, பைக்குல எஞ்சின் ஆயில் மாத்திட்டு ட்ரெயின் போல்ட்ட (அடியில ஆயில் வடிக்கிற ஓட்டைய மூடுற போல்ட்) மாட்டினேன். கடைசி ரெண்டு சுத்துல பிடிப்பே வரல, சும்மா சுத்திக்கிட்டே இருக்கு
கதிர்: 📷
கதிர்: கழட்டிப் பார்த்தா போல்ட் மரைக்குள்ள வெள்ளையா சுருள் சுருளா ஏதோ மாட்டியிருக்கு

காலை 7:20
ராஜு சித்தப்பா: அந்தச் சுருள்தான் எஞ்சின் கேஸோட மரை. அலுமினியம் மொத்தமா உரிஞ்சு போல்ட்டோட வந்துடுச்சு. போல்ட் இரும்பு, அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது
ராஜு சித்தப்பா: வண்டிய ஸ்டார்ட் பண்ணாத. பழைய போல்ட்டையே இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்க்கலாம்னு கைய வைக்காத

காலை 7:24
செல்வி அத்தை: டெஃப்லான் டேப் சுத்தி மாட்டினா நிக்காதா?

காலை 7:31
முருகேசன் மாமா: நிக்காது செல்வி. டேப் கசிவைத்தான் அடைக்கும், சுமை தாங்காது. இங்க பிடிக்கிற உலோகமே போயிடுச்சு. வண்டி அதிர்வுல போல்ட் கழண்டு விழுந்தா ஆயில் பூரா பின் டயர்லதான் கொட்டும். எப்பாக்ஸி வச்சு ஒட்டுறதும் வேண்டாம். அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது போல்ட்டோட கேஸும் பேர்ந்து வரும்

காலை 7:33
முருகேசன் மாமா: கதிர், முதல்ல அளவு. வெர்னியர் இருக்கா? போல்ட் விட்டம், மரை இடைவெளி, மரையோட நீளம் மூணும் சொல்லு. அப்புறம் ஒரு தீக்குச்சிய ஓட்டைக்குள்ள விட்டு மரை எவ்வளவு ஆழம் போகுதுன்னு பாரு

காலை 7:58
கதிர்: விட்டம் 11.9. ஆறு மரை அளந்தா 9 எம்எம். மரை நீளம் 13. ஓட்டையில 18 வரைக்கும் மரை தெரியுது மாமா, கடைசி 5 எம்எம் புதுசு மாதிரி பளிச்னு இருக்கு

காலை 8:02
முருகேசன் மாமா: அப்ப எம்12×1.5, அதாவது விட்டம் 12, மரை இடைவெளி 1.5. போல்ட்ட அளந்தா 12க்கு ஒரு முடி குறைவாத்தான் வரும், அதுல குழம்பாத

காலை 8:05
ராஜு சித்தப்பா: கடைசி 5 எம்எம் நல்லா இருக்குன்னா அதே மரையில 18 எம்எம் நீள போல்ட் போட்டு இன்னைக்கு ஓட்டலாமே மச்சான்?

காலை 8:11
முருகேசன் மாமா: ஓட்டலாம், ஆனா அது தற்காலிகம்தான் மாப்ளை. 5 எம்எம்னா மூணு மரை. அலுமினியத்துல இரும்பு போல்ட்டுக்கு விட்டத்துல ஒண்ணரை மடங்காவது மரை பிடிக்கணும். 12க்கு 18. மூணு மரைய நம்பி முழு டார்க் (முறுக்கு விசை) கொடுத்தா அதுவும் உரியும். போல்ட் முனை உள்ள எதையாவது தொடுதான்னும் பார்க்கணும், சில எஞ்சின்ல ட்ரெயினுக்கு நேர் மேல சல்லடையோ கியரோ இருக்கும்

காலை 8:13
முருகேசன் மாமா: நிரந்தரமா செய்யணும்னா ரெண்டு வழி. ஒண்ணு ஓட்டையப் பெருசாக்கி எம்14×1.5க்கு ஏத்துறது. இன்னொண்ணு காயில், அதாவது புது மரையா நிக்கிற கம்பிச் சுருள் போட்டு பழைய எம்12க்கே கொண்டு வர்றது

காலை 8:30
தேவி அக்கா: அப்பா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். எம்12×1.5 காயிலுக்குன்னு ஒரு தனி டேப் (ஒட்டுற டேப் இல்ல, ஓட்டைக்குள்ள மரை வெட்டுற கருவி) வரும், எஸ்டிஐ டேப்னு பேரு. அது வெட்டுற மரையோட வெளி விட்டம் 13.95. அதாவது கிட்டத்தட்ட எம்14×1.5 தான். ட்ரில்லும் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், 12.5. அதனால முதல்ல காயில் போடு கதிர். என்னைக்காவது காயில் கெட்டுப்போனா அதே ஓட்டையில எம்14 டேப்ப ஒரு தடவை ஓட்டி பெரிய போல்ட் போட்டுக்கலாம். முதல்லயே 14 போட்டா அடுத்த தடவை 16க்குப் போகணும், அதுக்குச் சுத்துச் சுவர்ல சதை இருக்காது

காலை 8:32
ராஜு சித்தப்பா: வாஷரும் இருக்கு தேவி. 14 வாஷர் பெருசு. கேஸ்ல சமமா சீவின வட்டம் சின்னதா இருந்தா வாஷர் ஓரம் வெளிய தொங்கும், அங்க கசியும். காயில்னா பழைய வாஷர் அளவே போதும்

காலை 8:34
தேவி அக்கா: ஆமா மாமா, அதுவும்தான்

காலை 8:40
கதிர்: காயில் வழியா ஆயில் கசியாதா அக்கா? அது வெறும் கம்பிச் சுருள்தானே

காலை 8:47
தேவி அக்கா: நல்ல கேள்வி. மரை எந்த ட்ரெயின் போல்ட்லயும் ஆயில அடைக்கிறதில்ல. அடைக்கிறது வாஷரும் கேஸோட சமதளமும்தான். அதனால காயில் மேற்பரப்புக்கு மேல துளிகூட நிக்கக்கூடாது. நின்னா வாஷர் அது மேல உக்காரும், தளத்துல உக்காராது. அரை சுத்துலேர்ந்து ஒரு சுத்து வரைக்கும் உள்ள இறக்கிடு

காலை 8:49
பிரவீன்: நானும் ஒண்ணு கேக்கணும். என் வண்டியில கிளட்ச் கவர் எம்6 போல்ட் ஒண்ணு சுத்துது. அதுக்கும் இதே முறையா?

காலை 8:51
தேவி அக்கா: முறை அதேதான், அளவு வேற. எம்6க்கு 6.3 ட்ரில். ஆனா உன்னுது அடி மூடின ஓட்டையா இருக்கும், அதைத் தனியா சொல்றேன். முதல்ல கதிரோடத முடிப்போம்

காலை 9:15
தேவி அக்கா: கதிர், நிதானமா படி.
வண்டிய நடு ஸ்டாண்ட்ல நிறுத்து. ஓட்டை கீழ பார்க்கணும். வண்டியப் படுக்க வச்சா வேலை சுலபம், ஆனா சீவல் எல்லாம் எஞ்சினுக்குள்ளதான் விழும். கீழ பார்த்தா பாதிக்கு மேல தானா கீழ கொட்டிடும்.
மரை உரிஞ்ச இடத்துல ஓட்டை இப்பவே 12 கிட்ட இருக்கும், 12.5க்கு ஒரு பக்கத்துக்கு கால் எம்எம்தான் எடுக்கணும். இதுக்குக் கரன்ட் ட்ரில் மெஷின் வேண்டாம். அலுமினியத்துல ட்ரில் பிட் கவ்வி உள்ள இழுத்துடும், ஓட்டை கோணலாகிடும். பிட்ட டேப் கைப்பிடியில மாட்டி கையாலயே சுத்து. பழைய ஓட்டையே வழிகாட்டும். பிட்டோட பள்ளத்துல கிரீஸ் அப்பிக்க, சீவல் அதுல ஒட்டிக்கும். நாலு சுத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்துத் துடை

காலை 9:24
தேவி அக்கா: அடுத்து எஸ்டிஐ டேப். இதுக்கும் பள்ளத்துல கிரீஸ், வெட்டுற பல்லுல ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். முதல் ரெண்டு சுத்துதான் உயிர். டேப் கவ்வினதும் கைப்பிடியக் கழட்டிட்டு சின்ன மூலைமட்டத்தைக் கேஸ் முகத்துல வச்சு பாரு, அப்புறம் 90 டிகிரி தள்ளி இன்னொரு தடவை பாரு. கோணலா இருந்தா அப்பவே வெளிய எடுத்து மறுபடி ஆரம்பி. நாலு சுத்து போன பிறகு நெம்பி நேராக்கப் பார்த்தா டேப் ஒடியும். ஒடிஞ்ச டேப்ப எடுக்கறது இந்த வேலையவிடப் பத்து மடங்கு கஷ்டம்.
அரை சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. 'கட்'னு சீவல் ஒடியற சத்தம் கேக்கும்

காலை 9:26
முருகேசன் மாமா: அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும். வெறுமனே வெட்டினா சீவல் டேப் பல்லுல ஒட்டி மரையக் கிழிச்சுடும்

காலை 9:40
கதிர்: காயில் எவ்வளவு நீளம் வாங்கணும்?

காலை 9:43
தேவி அக்கா: வழக்கமா விட்டத்துல ஒண்ணரை மடங்கு நீளம், அதாவது 18 எம்எம். ஆனா உனக்கு அது சரிவராது. உன் ஓட்டையும் 18 தான், போல்ட் மரை 13 தான். முழு 18 போட்டு மேல ஒரு சுத்து இறக்கினா உள் முனை எஞ்சினுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால ஒரு மடங்கு, 12 எம்எம் காயில் போடு. போல்ட்டும் 16ல வாங்கிக்க, காயில் முழுக்கப் பிடிக்கும். காயில் போட்டா பிடி வெளி விட்டத்துக்கு, அதாவது 13.95க்கு மாறுது. அதனால 12 நீளமே பழைய மரையவிட பலம் கூடுதல்

காலை 9:55
தேவி அக்கா: மாட்டுறதுக்கு முன்னாடி வெட்டின மரைய பிரேக் கிளீனர்ல கழுவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா லாக் பசை பிடிக்காது. ஓட்டையோட மரையில சிவப்பு லாக் பசை மெல்லிசா ஒரு பூச்சு. காயிலோட உள்பக்கம் படவே கூடாது, பட்டா போல்ட்டும் சேர்ந்து ஒட்டிடும்.
காயிலைக் கருவியில மாட்டி, அழுத்தாம சுத்து. அழுத்தினா சுருள் ஒரு மரை தாண்டி ஏறிடும். பின்னால திருப்பாத, திருப்பினா விரிஞ்சு கவ்விக்கும். தப்பா போச்சுன்னா மூக்குக் குறடால இழுத்துப் போட்டுட்டு புதுசு மாட்டு. ஒரு தடவை விரிஞ்ச காயில் மறுபடி உதவாது

காலை 9:58
ராஜு சித்தப்பா: அடியில இருக்கற குறுக்குக் கம்பி! அத மறந்துடாத தேவி

காலை 10:04
தேவி அக்கா: சொல்ல வந்தேன் மாமா. காயிலோட உள் முனையில ஒரு குறுக்குக் கம்பி இருக்கும், கருவி அதைப் பிடிச்சுத்தான் சுத்தும். மாட்டின பிறகு அது ஒடிஞ்சாத்தான் போல்ட் முழுசா போகும். வழக்கமா ஒரு குச்சிய வச்சுத் தட்டி ஒடிப்பாங்க. ட்ரெயின் ஓட்டையில அப்படித் தட்டாத, துண்டு எஞ்சினுக்குள்ள போயிடும். அது ஸ்டெயின்லெஸ், காந்தத்துல சரியா ஒட்டாது. நீள மூக்குக் குறடால அந்தக் கம்பியப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டு, கீறல் இருக்கற இடத்துல ஒடியும், துண்டு குறடுலயே இருக்கும். குறுக்குக் கம்பி இல்லாத காயில் கிடைச்சா இன்னும் நல்லது, ஆனா அதுக்குக் கருவி வேற

காலை 10:06
தேவி அக்கா: பசை முழுசா இறுக 24 மணி நேரம் விடு. அதுக்கு முன்னாடி ஆயில் படக்கூடாது

காலை 10:20
ராஜு சித்தப்பா: நாளைக்கு போல்ட் போடறதுக்கு முன்னாடி கழுவணும் கதிர். உன் வண்டிக்குப் போடற அதே கிரேட் ஆயில் அரை லிட்டர், மேல ஊத்து, கீழ திறந்தே இருக்கட்டும். ரெண்டு தடவை செய். விளிம்புல உள்பக்கமா துணி சுத்தின குச்சில கிரீஸ் தடவித் துடைச்சு எடு. டீசல் ஊத்திக் கழுவாத. சல்லடை கழட்ட முடிஞ்சா கழட்டிப் பாரு. புது ஆயிலை 300 கிலோமீட்டர்ல ஒரு தடவை மாத்திடு

காலை 10:22
கதிர்: சரி சித்தப்பா. எவ்வளவு டைட் வைக்கணும்?

காலை 10:29
பிரவீன்: மேனுவல்ல உள்ளதுதான் கணக்கு. எம்12 ட்ரெயினுக்குப் பெரும்பாலும் 25லேர்ந்து 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லன்னா 20 செ.மீ. ஸ்பேனர் நுனியில 15 கிலோ அழுத்தம் = சுமார் 30. உன் கைக்குப் 15 கிலோ எப்படியிருக்கும்னு எடைத் தராசை ஒரு தடவை அழுத்திப் பாரு, தெரிஞ்சுடும். பைப்ப மாட்டி நீளமாக்கினா அதே கை அழுத்தம் ரெண்டு மடங்காகிடும். பெரும்பாலான மரை போறதே அங்கதான்

காலை 10:31
முருகேசன் மாமா: பழைய வாஷரும் காரணம். ஒரு தடவை நசுங்கின அலுமினிய வாஷர் மறுபடி அடைக்காது. கசியுதேன்னு இன்னும் முறுக்குவாங்க, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். மரை ஒரே நாள்ல போறதில்ல. ஒவ்வொரு தடவையும் வாஷர மாத்து. செம்பு வாஷர்னா சிவக்கக் காய்ச்சி ஆறவச்சா மறுபடி மென்மையாகும்

காலை 11:10
தேவி அக்கா: பிரவீன், உன் எம்6. கவரைக் கழட்டு. அடி மூடின ஓட்டையா இருந்தா உள்ள தேங்கின ஆயிலை முழுசா உறிஞ்சி எடு. ஆயில் மேல டேப்போ போல்ட்டோ இறங்கினா அது நசுங்க இடமில்லாம பக்கச் சுவரைப் பிளந்துடும். ட்ரில் பிட்ல ஒட்டுற டேப்ப சுத்தி ஆழம் குறிச்சுக்க. கூர்முனை டேப்ப முதல்ல, தட்டை முனை டேப்ப ரெண்டாவதா ஓட்டு, இல்லன்னா அடி வரைக்கும் மரை விழாது. காயில் 12 எம்எம், குறுக்குக் கம்பிய ஒடிக்காம விட்டாலும் பரவால்ல, போல்ட் அது வரைக்கும் போகாம இருந்தா போதும்

காலை 11:14
ராஜு சித்தப்பா: பிரவீன், போல்ட் மாறிப் போயிருக்கும். கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. 25 போகவேண்டிய இடத்துல 20 போட்டிருந்தா நாலு மரைதான் பிடிச்சிருக்கும். ஒரு அட்டையில கவர வரைஞ்சு, கழட்டுற இடத்துலயே ஒவ்வொரு போல்ட்டையும் குத்தி வை

காலை 11:18
பிரவீன்: பக்கத்து ஓட்டையில உள்ளது 25, இதுல 20. அதேதான் சித்தப்பா

காலை 11:19
ராஜு சித்தப்பா: அப்ப காயில் வாங்கறதுக்கு முன்னாடி 25 போல்ட்ட கையால சுத்திப் பாரு. அடியில மரை நல்லா இருந்து அஞ்சாறு சுத்து கையாலயே போச்சுன்னா அதுவே போதும். 10 நியூட்டன் மீட்டருக்கு மேல போகாத

மாலை 5:46
செல்வி அத்தை: ஸ்பார்க் பிளக் மரை போனாலும் இதே காயிலா?

மாலை 5:52
முருகேசன் மாமா: அதுக்குத் தனி கிட் செல்வி. பிளக்குல எம்10×1, எம்12×1.25, எம்14×1.25ன்னு மரை வேற வேற, பிளக் மரையோட நீளமும் காயிலும் ஒத்துப் போகணும். அத வண்டியில வச்சே செய்யக்கூடாது. ஹெட்ட இறக்கித்தான் செய்யணும், இல்லன்னா சீவல் பிஸ்டன் மேல விழுந்து சிலிண்டரக் கீறும்

மாலை 6:30
கதிர்: காயில் கிட் வந்துடுச்சு. ஆனா உள்ள இருக்கற ட்ரில் 12.4 தேவிக்கா, 12.5 இல்ல

மாலை 6:33
தேவி அக்கா: கிட்ல கொடுத்ததையே போடு. அந்த டேப்புக்கு அதுதான் கணக்கு. 12.4ல மரை இன்னும் கொஞ்சம் ஆழமா விழும், டேப் சுத்த மட்டும் சற்று இறுக்கமா இருக்கும். அவசரப்படாம கால் கால் சுத்தா போ