டபுள் கெப்பின் காற்றுப் பைக்கு எவ்வளவு அழுத்தம்: பின்புற உயரமா, முன் அச்சின் பாரமா?

வாழைச்சேனைப் படகுக்காரர்:
எங்கள் பைபர் படகை இயந்திரம், வலை, ஐஸ் பெட்டி சகிதம் ட்ரெய்லரில் ஏற்றி, ஏ15 வீதியால் பனிச்சங்கேணி தாண்டி வெருகல் பக்கம் கொண்டுபோவது பருவத்துக்குப் பருவம் நடக்கும் வேலை. இழுப்பது ஹைலக்ஸ் டபுள் கெப். அதன் பின் அச்சுக்கும் செசிக்கும் (வாகனத்தின் அடிச்சட்டம்) இடையில் காற்றுப் பைகள் பூட்டியிருக்கிறோம். பூட்டியவர் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்னும் அழுத்த அளவு) வைக்கச் சொன்னார். தெரிந்த ஓட்டுநர் ஒருவரோ 20க்கு மேல் போகவே கூடாது என்கிறார். ட்ரெய்லரைக் கொளுவியதும் பின்புறம் அமர்ந்து, முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. எந்த அளவை எதை வைத்துத் தீர்மானிப்பது என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

கல்முனை கராஜ்:
தம்பி, பாரம் இல்லாதபோது பின் மட்காட் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றதோ, ட்ரெய்லரைக் கொளுவிய பிறகும் அதே உயரத்துக்கு வரும்வரை காற்றை அடிக்க வேண்டும். வாகனம் மட்டமாக நின்றால் விளக்கும் ஒழுங்காகும், அச்சுக்கு மேலுள்ள ரப்பர் கட்டையில் செசி இடிப்பதும் நிற்கும், பின்னால் இறங்கிய பாரம் முன் சக்கரத்துக்கும் திரும்பும். உங்கள் பாரத்துக்கு 50 முதல் 60 வரை தேவைப்படும். ஸ்பிரிங் தகடு உள்ள வாகனங்களுக்கான பைகளில் பல 100 பிஎஸ்ஐ வரை தாங்குபவை என்பதால் அந்த அளவில் பை வெடித்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அம்பாறை வேளாண்மை:
கல்முனை அண்ணன் சொன்னதில் விளக்கும் ரப்பர் கட்டையும் சரி. பாரம் முன் சக்கரத்துக்குத் திரும்பும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. எல்லாரும் நம்பி ஏமாறுகிற இடம் அதுதான்.

ஹைலக்ஸ் டபுள் கெப்பின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 3085 மில்லிமீற்றர். ட்ரெய்லரைக் கொளுவும் குண்டு (வாகனத்தின் பின்னால் உள்ள இரும்பு உருண்டை) பின் அச்சுக்கு 1200 மில்லிமீற்றர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டின் மேல் 200 கிலோ இறங்கினால், பின் அச்சு ஒரு துலாவின் நடுப்புள்ளியாகி, முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 78 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சுக்கோ 200 அல்ல, 278 கிலோ கூடும். இந்தக் கணக்கில் தூரமும் பாரமும் மட்டுமே இருக்கின்றன; காற்றழுத்தத்துக்கு இடமே இல்லை. பையில் 10 இருந்தாலும் 90 இருந்தாலும் முன் அச்சு இழந்தது இழந்ததுதான். பை உடலை உயர்த்தும், பாரத்தை நகர்த்தாது.

நான் கை உழவு இயந்திரத்தை ட்ரெய்லரில் ஏற்றி வட்டைக்கு (வயலுக்கு) கொண்டுபோகும்போது, பின்புறம் எவ்வளவு இறங்கியதோ அதில் பாதியை மட்டுமே காற்றால் மீட்கிறேன். மிச்சத்தை இயந்திரத்தை முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்கிறேன்.

கல்முனை கராஜ்:
கணக்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் முன் அச்சில் ஆயிரம் கிலோவுக்கு மேல் நிற்கும் வாகனத்தில் 78 கிலோ குறைவதைப் பேராபத்தாகக் காட்டுவது மிகை. என்னிடம் வரும் வாகனங்களில் நான் காண்பது வேறு: பாதிதான் மீட்டோம் என்று இறங்கிய பின்புறத்தோடு ஓடி, மதகுப் பள்ளங்களில் ரப்பர் கட்டை சிதைந்து, அதிர்வு முழுவதும் செசியில் இறங்கியவை. உள்வீதிகளில் ஓடுகிற வாகனத்துக்கு மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது அழுத்தம்.

அம்பாறை வேளாண்மை:
செசியைப் பற்றிச் சொன்னதால் அதையே எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங் தகடு செசியை முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் தாங்குகிறது. காற்றுப் பையோ அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. அழுத்தம் கூடக்கூட, தகடு சுமக்க வேண்டியதைப் பை பறித்துக்கொள்கிறது. பின்னால் குண்டில் ட்ரெய்லர் தொங்க, முன்னால் உடல் இழுக்க, நடுவில் பை முட்டுக்கொடுக்க, ஒரு பள்ளத்தில் விழுந்ததும் செசி அந்த இடத்தில் வளையப் பார்க்கும். அவுஸ்திரேலியாவில் டபுள் கெப்புகளின் செசி வளைந்த சம்பவங்கள் பேசப்படும்போதெல்லாம் காற்றுப் பையின் பெயரும் அடிபடுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, பின்புறம் மிக விறைப்பாக இருந்தால் வளைவில் பின் டயர்கள் பிடியை முதலில் இழக்கும். செங்கலடியிலிருந்து ஏ5 வீதியால் பதுளைக்கு ஏறுபவர் லுணுகலை, பசறை வளைவுகளில் மழை நேரம் இதை நன்றாக உணர்வார்.

கல்முனை கராஜ்:
வளைந்த செசிகளில் பெரும்பாலானவை அளவுக்கு மீறி ஏற்றப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பை பூட்டியதால் வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை ஒரு கிலோகூட உயர்ந்துவிடாது. அதை மறந்து ஏற்றியவரின் பிழையைப் பையின் தலையில் கட்டக் கூடாது.

ஒலுவில் துறை:
இரண்டு பேரும் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். படகு ட்ரெய்லரில் வேலை தொடங்க வேண்டிய இடம் குண்டின் மேல் இறங்கும் பாரம். ட்ரெய்லரின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குண்டில் இறங்குவது பொதுவான அளவு; அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். மிகக் குறைந்தால் ட்ரெய்லர் பாம்பாக நெளியும், மிகக் கூடினால் அம்பாறை நண்பர் சொன்ன துலாக் கணக்கு வேலை செய்யும். ஐஸ் பெட்டியும் எரிபொருளும் அணியத்தில் (படகின் முன்பகுதியில்) இருந்தால் குண்டின் பாரம் வீணாகக் கூடும். அவற்றை ட்ரெய்லர் அச்சுக்கு மேல் வையுங்கள். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் இந்த வகை வாகனங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 750 கிலோ. இது எந்தப் பையையும்விட முக்கியமானது.

அடுத்தவரின் பிஎஸ்ஐ எண்ணையும் கடன் வாங்க வேண்டாம். பை தாங்கும் பாரம், அழுத்தத்தைப் பையின் பரப்பால் பெருக்கி வருவது. 25 சதுர அங்குலப் பரப்புள்ள பை 20 பிஎஸ்ஐயில் 500 இறாத்தல் தாங்கும். சிறிய பைக்கு அதே பாரத்தைத் தாங்க அதைவிட அதிக அழுத்தம் வேண்டும்.

இரு பைகளையும் ஒரே குழாயில் ‘டீ’ (T வடிவ மூட்டு) வைத்து இணைத்திருந்தால் அதைப் பிரியுங்கள். வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி வாகனத்தை இன்னும் சரிக்கும். காலையில் 40 வைத்த பை, 20 பாகை சூடேறினால் மூன்றரை பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்காதீர்கள். பையில் காற்று கொஞ்சம்தான் இருப்பதால் அளந்து பார்க்க அழுத்தமானியை வைத்து அழுத்தும் ஒவ்வொரு முறையும் சிறிது குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாழைச்சேனைப் படகுக்காரர்:
நீங்கள் மூவரும் சொன்னபடி ஐஸ் பெட்டியை நகர்த்திவிட்டு, சமதரையில் நிறுத்தி மட்காட் விளிம்புகளை அளந்தேன். பைகளில் 10 மட்டும் வைத்துக் கொளுவியபோது பின்புறம் 6 சென்ரிமீற்றர் இறங்கியது, முன்புறம் 1.5 உயர்ந்தது. 30க்கு ஏற்றியதும் பின்புறம் பாதி மீண்டது. 55இல் முழுவதும் மீண்டது. ஆனால் முன்புறம் 10இலும் 55இலும் அதே 1.5தான், அசையவே இல்லை.

அம்பாறை வேளாண்மை:
முன் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் பாரம் மாறாததால்தான் முன் உயரமும் மாறவில்லை. அந்த 1.5ஐக் குறைக்க வேண்டுமானால் படகை ட்ரெய்லரில் சிறிது பின்னே நகர்த்துங்கள். பிறகு நெல் ஆலையொன்றின் வாகனத் தராசில் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள்; அறுவடை இல்லாத நாளில் கேட்டால் மறுக்க மாட்டார்கள். என் பரிந்துரை 30.

கல்முனை கராஜ்:
முன் அச்சுக்கு அழுத்தம் உதவாது என்பதை இந்த அளவீடு காட்டுகிறது, அதில் வாதமில்லை. ஆனாலும் 30இல் மூன்று சென்ரிமீற்றர் இறங்கி ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படகை நகர்த்தி, தராசில் நிறுத்து, பின் அச்சு அதற்குரிய எல்லைக்குள் நின்றால் 45 வையுங்கள். ஒரு முறை வெருகல் போய் வந்து ரப்பர் கட்டையைப் பாருங்கள். இடித்த தடம் இல்லாவிட்டால் அம்பாறை நண்பர் சொல்லும் 30ஐ நோக்கி ஐந்து ஐந்தாக இறக்கலாம். தடம் தென்படும் அளவுக்குக் கீழே போக வேண்டாம்.

அம்பாறை வேளாண்மை:
நான் 30இல் தொடங்கி, தடம் கண்டால் ஐந்து ஐந்தாக ஏற்றச் சொல்வேன். சிதைந்த ரப்பர் கட்டையை மாற்றலாம், வளைந்த செசியை மாற்றுவது எளிதல்ல.