ஆல்பேட்டையைத் தாண்டும்போது மட்டும் நேர்மை தளர்வது ஏன்?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்):
கடைக்காரர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த பத்து ரூபாயைத் திருப்பித் தர, வெயிலில் மறுபடியும் நடந்து செல்பவர் என் சித்தப்பா. அவரே, வீட்டில் விசேஷம் என்றால், விலை குறைவு என்று புதுச்சேரியில் மதுப்புட்டிகளை வாங்கி, துணிப்பையில் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்து, எல்லையிலுள்ள ஆல்பேட்டை சோதனைச்சாவடி வழியே பேருந்தில் கடலூருக்குக் கொண்டுவருகிறார். குற்றம் என்று அவருக்குத் தெரியும்; இருந்தும் முகத்தில் உறுத்தலே தெரிவதில்லை. இதைப் போலித்தனம் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. உளவியல் இதை எப்படி விளக்குகிறது?

மறுமொழி (முத்தியால்பேட்டை):
போலித்தனம் அன்று. எல்லா விதிகளையும் மனிதர் ஒரே தட்டில் வைப்பதில்லை என்று உளவியலாளர் எலியட் டூரியல் காட்டினார். "இப்படி ஒரு விதியே இல்லாவிட்டாலும், ஆசிரியரே அனுமதித்தாலும் இது தவறா?" என்று கேட்டால், பிள்ளைகள் அடிப்பதை அப்போதும் தவறு என்கிறார்கள், சீருடை அணியாமல் வருவதை, அனுமதி இருந்தால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஆசிரியப் பணியில் இருப்பதால் இதை நானே வகுப்பில் கண்டிருக்கிறேன். மழலையர் பள்ளிக் குழந்தைகளிடமே இந்தப் பகுப்பு இருப்பதை 1981இல் ஜுடித் ஸ்மெட்டானாவின் ஆய்வு காட்டியது. உங்கள் சித்தப்பாவுக்குப் பத்து ரூபாய் இன்னொருவருடைய உழைப்பு. புட்டியோ, எல்லைக்கு அந்தப் பக்கம் குற்றமே இல்லாத பொருள்.

மறுமொழி (கடலூர் முதுநகர்):
அதை ஏற்கிறேன், ஆனால் காரணத்தையும் உரசிப் பார்க்க வேண்டும். சிகாகோவில் 72 சிறுவர்களை வைத்து 1958இல் ஆய்வேடு எழுதிய உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க், சாகக் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்பது போன்ற கேள்விகளில், திருடலாம், கூடாது என்ற விடையை அளக்கவில்லை. அதற்குச் சொன்ன காரணத்தையே அளந்தார். மலிவு என்பது உயிர் காக்கும் காரணம் அன்று. மேலும், பெரும்பாலும் முடிவு முதலில் வந்துவிடுகிறது, காரணம் பிறகுதான் தேடப்படுகிறது என்று 2001இல் உளவியலாளர் ஜோனத்தன் ஹைட் வாதிட்டார். ஆகவே உங்கள் சித்தப்பா சொல்வதை விட்டுவிட்டுச் செய்வதைப் பாருங்கள். சோதனைச்சாவடி நெருங்கும்போது அந்தப் பை உங்கள் மடியில் இருக்க விடுவாரா?

கேள்வி கேட்டவர்:
விடமாட்டார். சென்ற தை மாதம் நானும் உடன் வந்தேன். ஆல்பேட்டை நெருங்கியதும் என் மடியிலிருந்த பையை வாங்கித் தம் காலடியில் வைத்துக்கொண்டு, "நீ முன்னால போய் உட்காரு" என்று என்னை எழுப்பிவிட்டார். கடலூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கும் வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.