மோச்சே மண்கலத்தில் கழுத்துக் கயிற்றோடு ஒரு மான்: அது விலங்கா, கைதியா?

கேள்வி

பெருவின் வடகடற்கரைப் பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்த மோச்சே மக்களின் மண்கலப் படங்களைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். அவற்றுள் ஒரு வகை என்னை விடாமல் உறுத்துகிறது. காதும் முகமும் அச்சு அசலாக மான், உட்கார்ந்திருக்கும் விதமோ மனிதனுடையது, கழுத்தில் கயிறு. இது ஏதேனும் கதையின் பாத்திரமா, தெய்வமா, அல்லது குயவரின் விளையாட்டா?

மறுமொழி 1

விளையாட்டாக இருக்க வாய்ப்பில்லை. மோச்சே ஓவியங்களில் போரில் தோற்றவனின் ஆடையையும் ஆயுதங்களையும் பறித்து, கழுத்தில் கயிறு கட்டி இழுத்துச் செல்கிறார்கள். பிறகு கழுத்தை அறுத்து, குருதியைக் கிண்ணத்தில் ஏந்துகிறார்கள். உங்கள் மான் அணிந்திருப்பது அந்தக் கைதியின் கயிறுதான். மான் வேட்டைக் காட்சிகளும் இதையே சொல்கின்றன. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்திற்கு நெருங்கிய உறவான அல்கரோபோ மரங்களுக்கிடையே வலை கட்டி மானை மடக்குபவர்கள் சாதாரண வேடர்கள் அல்லர். தலையணியும் காதணியுமாகப் போர்வீரரைப் போல அலங்கரித்துக்கொண்டவர்கள். அம்மக்கள் அன்றாடம் உண்டது மீன், லாமா, கினிப்பன்றி ஆகியவற்றையே. அவர்களுடைய குப்பைமேடுகளில் மானெலும்பு மிக அரிது. ஆகவே அந்த வேட்டை உணவுக்கானது அன்று, சடங்கு என்றே கொள்ள வேண்டும்.

பலியும் வெறும் ஓவியக் கற்பனை அன்று. 1995இல் உவாகா டி லா லூனா என்னும் மோச்சே கோயிலில் தொல்லியலாளர் ஸ்டீவ் பூர்ழே தொடங்கிய அகழாய்வில், பலியிடப்பட்ட 70-க்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் பலர் எல் நீன்யோ பெருமழை கொண்டுவந்த சேற்றில் கிடந்தனர்.

மறுமொழி 2

மானைப் பொறுத்தவரை மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆனால் எல்லா விலங்கையும் மறைபொருளாகவே படிக்கத் தொடங்கினால், குயவரின் கண்ணை நாம் தவறவிடுவோம். கடற்சிங்க வேட்டைக் காட்சியைப் பாருங்கள்: தடியடி விழும் விலங்கின் வாயருகே சிறு உருண்டைகள் தெரியும். கடற்சிங்கம் கூழாங்கற்களை விழுங்கும் வழக்கமுடையது. அடிபடும்போது அவற்றைக் கக்குகிறது. அந்தக் கற்களை மருந்தாக மதிக்கும் நாட்டு வைத்தியர்கள் அதே கரையில் நம் காலத்திலும் உண்டு. இவ்வளவு நுணுக்கத்தை நேரில் கண்டவரே வரைந்திருக்க முடியும். வேட்டையை அறிந்த கையே சடங்கையும் வரைந்தது. ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ள வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி. அப்படியானால் கிண்ணத்தை ஏந்தும் ஆந்தை முக உருவங்களும் மனிதர்கள்தாமா?

மறுமொழி 1

குறைந்தது சில. 1987இல் தொல்லியலாளர் வால்டர் ஆல்வா அகழத் தொடங்கிய சிபான் என்னும் மோச்சே கல்லறைத் தலத்தில், இரண்டாம் கல்லறையில் இருந்தவரோடு ஆந்தைத் தலையணியும் கிண்ணமும் கிடைத்தன. ஓவியத்தில் பறவையாகத் தெரிபவரின் இடத்தைச் சடங்கில் ஒரு மனிதர் வகித்தார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. உங்கள் மானுக்கு அப்படியொரு கல்லறைச் சான்று இல்லை. கயிறு மட்டுமே உள்ளது.

மறுமொழி 2

குயவரின் கண்ணுக்கு இன்னொரு சான்றாக, வேட்டைக் காட்சியில் மானின் நாக்கு வெளியே தொங்குவதையும் பாருங்கள். ஓடிக் களைத்த விலங்கின் நாக்கு அப்படித்தான் பக்கவாட்டில் தொங்கும்.