நகரம் வளர்ந்தால் கோடைமழை கடுமையாகுமா? யாழ்ப்பாணத்தை முன்வைத்து ஒரு விவாதம்

நல்லூரான்:
சித்திரை, வைகாசியில் பின்னேர இடிமழை பரவலாகப் பெய்யாமல் ஓரிரு ஊர்களில் மட்டும் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது என்று போன கிழமை இங்கே பலர் எழுதியிருந்தார்கள். யாழ். நகரம் நாலாபுறமும் கட்டடமாகப் பரந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதே என் நிலைப்பாடு. கொங்கிறீட்டும் தார்வீதியும் பகல் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் நகரத்துக் காற்று சூடேறி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து ஈரக்காற்று ஓடிவந்து ஒருங்குகிறது. உயர்ந்த கட்டடங்கள் அதை மேலும் மேலே தள்ளுகின்றன. அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் 1971 முதல் 1975 வரை நடந்த மெற்றோமெக்ஸ் ஆய்வு, காற்று நகரத்தைக் கடந்து செல்லும் பக்கத்தில் கோடைமழை 5 முதல் 25 வீதம் வரை கூடியிருப்பதைக் காட்டியது. 2017 ஓகஸ்டில் ஹார்வி சூறாவளியால் ஹியூஸ்ரன் மூழ்கியபோது, அத்தகைய வெள்ளம் வருவதற்கான வாய்ப்பை நகரமயமாதல் சராசரியாக 21 மடங்கு ஆக்கியிருந்தது என்று அடுத்த ஆண்டு வெளியான கணினி மாதிரி ஆய்வொன்று கணக்கிட்டது.

வழுக்கியாற்றங்கரை:
தம்பி, அந்த ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹியூஸ்ரனின் அளவை எங்கள் ஊருக்குப் பொருத்துவதை ஏற்க மாட்டேன். யாழ். மாநகர சபையின் எல்லை ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர்தான். பெரிய இடிமுகில் ஒன்றே அதைவிட அகலமாக விரிந்து நிற்கும். வடக்கே பாக்குநீரிணையும் தெற்கே கடனீரேரியும் இருக்க, சோளகம் (தென்மேல் பருவக்காற்று) வலுக்குமுன் இரு பக்கத்துக் கடற்காற்றும் குடாநாட்டின் நடுவில் சந்தித்தாலே இடிமழைக்குப் போதும். கடல் சூடேறுவதையும் மறக்கக் கூடாது: வெப்பநிலை ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். 2005 யூலை 26 இல் மும்பையின் சாந்தாகுரூசில் 944 மில்லிமீற்றர் பெய்தபோது, அதே நகரத்தின் கொலாபாவில் 74 மில்லிமீற்றர் அளவே பதிவானது. கட்டடம்தான் காரணமென்றால் கொலாபா ஏன் தப்பியது?

எங்கள் சிக்கல் வானத்திலில்லை, நிலத்தில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் குளத்துக்குப் போகும் வாய்க்காலின் மதகை ஒரு மதில் அடைத்து நிற்கிறது. முற்றங்களெல்லாம் இன்ரலொக் கல் பதித்தவை. அரை மணி நேர மழைக்கே தண்ணீர் வாசற்படிவரை ஏறி, மறுநாள் மத்தியானம்வரை நின்று நாறுகிறது.

கொக்குவில் ஆசிரியை:
கொலாபா மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய முனை என்பதால், ஐயாவின் சான்று நகரத்தின் பங்கை உறுதிப்படுத்தவுமில்லை, மறுக்கவுமில்லை. அதேபோல, மாநகர எல்லையை மட்டும் அளந்து பேசுவதும் சரியல்ல. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் என்று வீடுகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. நகரமென்றால் மழை கூடும் என்றும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. மரமும் ஈரமண்ணும் குறைந்தால் ஆவியாதல் குறைந்து காற்று வறளும். வாகனப்புகையின் நுண்துகள்கள் சிறிய முகில்களில் துளி பருப்பதைத் தடுக்கும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கும் மழைநீரே எங்கள் கிணறுகளுக்கு ஊற்று. இங்கே ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்துவிடுவதால், கோடையில் கிடைக்கும் ஒவ்வொரு மழையும் நிலத்தில் ஊற வேண்டியது. அது ஒரு மணி நேரத்தில் கொட்டி, மூடிய நிலத்தில் வழிந்து கடலுக்கு ஓடினால், ஆவணியில் கிணறு உவர்க்கும்.

நல்லூரான்:
அந்த மூடிய நிலம்தானே ரீச்சர் காற்றையும் சூடாக்குகிறது? வெள்ளத்துக்குக் கொங்கிறீட் காரணமென்று ஒப்புக்கொள்ளும் ஐயா, அதே கொங்கிறீட்டின் சூட்டை மட்டும் கணக்கில் எடுக்காதது எனக்கு விளங்கவில்லை.

வழுக்கியாற்றங்கரை:
சூடு இருக்கிறது, அது மழையைக் கூட்டியது என்பதற்கு அளவீடு வேண்டும். நகரின் நடுவிலும் கோப்பாய், புத்தூர்ப் பக்கத்துத் தோட்டவெளிகளிலும் பாடசாலைகள் மழைமானி வைத்து, நாள்மழையோடு மணிக்கணக்கு மழையையும் சில ஆண்டுகள் குறித்து வரட்டும். அதுவரை மதகை அடைத்த மதிலை அப்படியே விட்டுவைக்க முடியாது. நிஷா புயல் வந்த 2008 கார்த்திகையில் குடாநாடு பட்ட பாட்டை நினைத்தாவது, புதிய கட்டட அனுமதியில் வாய்க்காலுக்கு இடம் ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

நல்லூரான்:
வாய்க்காலோடு நிழல்மரத்தையும் அந்த நிபந்தனையில் சேர்த்தால் நான் உடன்படுகிறேன். மழைமானி விடயத்தை எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இந்த மாதமே எடுத்துச் சொல்கிறேன்.