பல வருஷம் ஓட்டியவர்கள் இன்றைக்கு மறுபடி டெஸ்டுக்குப் போனால் பாஸ் ஆவார்களா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலில் குடும்பத்தோடு இங்கிலாந்தில் ரெடிங் வந்திருக்கிறோம். கல்லூரி முடித்த கையோடு லைசென்ஸ் எடுத்தவன் நான். அவிநாசி ரோட்டு நெரிசலும் பழக்கம், வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவும் பழக்கம். இந்திய லைசென்ஸ் இங்கே 12 மாதம்தான் செல்லும். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் முதலிலிருந்து டெஸ்ட். தியரி முடித்துவிட்டேன். 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். உட்கார்ந்து படித்தால் வந்துவிடுகிறது.

பிராக்டிகல்தான் குழப்பம். அலுவலகத்தில் என்னைப் போலவே ஊரில் வருஷக்கணக்காக ஓட்டிய நண்பர்கள் ஃபெயில் ஆகியிருக்கிறார்கள். அதே சமயம் ஸ்டீயரிங்கை இப்போதுதான் தொட்ட பையன் ஒருவன் முதல் தடவையே பாஸ். இந்த டெஸ்டில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? இங்கேயே காலம் காலமாக ஓட்டுகிறவர்களை நாளைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவர்களாவது தேறுவார்களா? நான் கிளாஸ் போகணுமா, நேராக டெஸ்டுக்கே போய்விடலாமா?

ஹரோ மாஸ்டர் எழுதியது:

தம்பி, நேராகப் போகாதீர்கள். நான் இங்கே கார் பழக்குகிறவன். ஊரிலிருந்து நன்றாக ஓட்டிவிட்டு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களில் அநேகருக்கு காரைக் கையாளச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றுமே இருப்பதில்லை. மேட்டில் நிறுத்தி எடுப்பது, இடுக்கில் ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஃபெயில் ஆவது பார்வையில்.

ஒன்றைச் சொல்கிறேன். டெஸ்டில் பரீட்சகர் அடிக்கடி "இடது பக்கம் ஓரமாக நிறுத்துங்கள்" என்பார். கொஞ்சம் பொறுத்து "இனி எடுங்கள்" என்பார். அனுபவசாலி என்ன செய்வார்? கண்ணாடியைப் பார்ப்பார், இண்டிகேட்டர் போடுவார், எடுத்துவிடுவார். வலது தோளுக்கு மேலால் தலையைத் திருப்பிப் பார்க்க மாட்டார். சரியாக அந்த நேரம், கண்ணாடியில் விழாத அந்தத் துண்டு இடத்தில் ஒரு சைக்கிள்காரர் வந்துகொண்டிருந்தால் அது சீரியஸ் பிழை. சின்னப் பிழைகள் 15 வரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள். சீரியஸ் ஒன்றே ஒன்று விழுந்தாலும் கதை முடிந்தது.

அடுத்தது ரவுண்டபவுட், அதாவது ரவுண்டானா. ஊரில் இடைவெளியை நாங்கள் உண்டாக்குவோம்: மூக்கை நுழைத்தால் மற்றவர் விடுவார். இங்கே வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விட்டு நிற்க வேண்டும். ஆனால் இடைவெளி கிடைத்ததும் போய்விடவும் வேண்டும். பயத்தில் நின்றுகொண்டே இருந்தால் தயக்கம் என்று அதற்கும் பிழை போடுவார்கள். வேகக் கட்டுப்பாடும் அப்படித்தான். 30 மைல் ரோட்டில் காரணமில்லாமல் 20இல் ஊர்ந்தால் அதுவும் பிழை. ஸ்டாப் பலகை இருக்கிற சந்தியில், ரோடு வெறிச்சோடிக் கிடந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். உருண்டபடியே வெளியே போனால் சரிவராது.

அந்தப் பையன் பாஸானதற்குக் காரணம் அவனிடம் பழைய பழக்கம் எதுவும் இல்லாததுதான். அதற்காக இளம்பிள்ளைகளுக்கு இது லேசு என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுக்கப் பார்த்தால் டெஸ்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கூடப் பாஸாவதில்லை.

இங்கேயே ஓட்டுகிறவர்களைக் கேட்டீர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் உட்கார வைத்தால் பெரும்பாலானோர் தேற மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதை வைத்து டெஸ்ட் வெறும் சடங்கு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோளுக்கு மேலால் பார்க்கிற அந்த ஒரு விநாடி சைக்கிள்காரரின் உயிர். அதை விட்டுவிட்டு இவ்வளவு காலம் ஒன்றும் நடக்கவில்லை என்றால், மற்றவர்கள் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே பாஸானதும் சட்டப்படி நீங்கள் புது டிரைவர். முதல் 2 வருஷத்துக்குள் விதி மீறலுக்குப் போடுகிற தண்டனைப் பாயின்ட் 6 சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, திரும்பவும் தியரியிலிருந்து தொடங்க வேண்டும். ஊர் அனுபவத்தை அங்கே யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா எழுதியது:

மாஸ்டர் சொல்வது சரி. நான் பாஸானது 1996க்கு முன்னர். அப்போது தியரி என்று தனிப் பரீட்சையே கிடையாது. அது 1996 ஜூலையில்தான் வந்தது. ஓடி முடிந்ததும் பரீட்சகர் காருக்குள்ளேயே ஹைவே கோடில், அதாவது சாலை விதிப் புத்தகத்தில், சில கேள்விகள் கேட்பார், அவ்வளவுதான். எங்களுக்கு மூலை வளைவில் ரிவர்ஸ் எடுப்பது பெரிய விஷயம். அதை 2017 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். இப்போதைய டெஸ்டில் ஒரு பெரிய பகுதியை, பரீட்சகர் வழி சொல்லாமல், பெரும்பாலும் சாட்நாவ் என்கிற வழிகாட்டிக் கருவியைக் கேட்டுத் தானாகவே ஓட வேண்டும். அது நல்ல மாற்றம். அன்றாடம் நாங்கள் அப்படித்தானே ஓடுகிறோம்.

தியரியோடு சேர்த்து, ஆபத்தை முன்கூட்டிக் கண்டுபிடிக்கிற வீடியோ பரீட்சை 2002இல் வந்தது. 14 வீடியோ, 75க்கு 44 எடுக்க வேண்டும். மகள் அதற்குப் பயிற்சி எடுத்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். நிறுத்தியிருக்கிற வேனுக்குப் பின்னால் ஒரு கால் தெரியும். அந்தக் கணத்தில் கிளிக் செய்ய வேண்டும். கண்டபடி கிளிக் செய்தால் அந்த வீடியோவுக்குப் பூஜ்யம். பழகாமல் போனால் நானெல்லாம் அதைத் தாண்ட மாட்டேன். என் கணவர் தியரி செய்தபோது ஹெட்போனில் தமிழிலேயே கேள்வி கேட்கலாம். 2014 ஏப்ரலில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். தமிழ் மட்டும் தெரிந்த எத்தனையோ அம்மாக்களுக்கு அதோடு வழி அடைபட்டுப் போனது. எனக்கு இன்றைக்கும் அதில் மனவருத்தம்தான்.

எனக்குப் பெரிய கவலை வேறு. 2022 ஜனவரியில் ஹைவே கோடை மாற்றினார்கள். பக்கத்து ரோட்டுக்குள் நாங்கள் திரும்பும்போது, அந்த ரோட்டைக் கடக்கக் காத்து நிற்கிறவருக்கு வழிவிட வேண்டும். முன்பெல்லாம் அவர் ரோட்டில் கால் வைத்த பிறகுதான் வழிவிட வேண்டியிருந்தது. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய் ஒருத்தி மூலையில் நிற்பாள். ஒன்றன் பின் ஒன்றாகக் கார்கள் அவள் மூக்குக்கு முன்னால் திரும்பிப் போகும். அந்த ஓட்டுநர்கள் கெட்டவர்கள் இல்லை. விதி மாறினது அவர்களுக்குத் தெரியாது. பாஸான நாளுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

லைசென்ஸ் அட்டையை 10 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறோம். புதுப் படம் அனுப்பினால் சரி. அந்த நேரத்தில் தியரியை மட்டுமாவது எல்லோரும் திரும்பச் செய்ய வேண்டும் என்பேன். முழு டெஸ்ட் வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கே தேதி கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தள்ளுவண்டி விஷயம் தியரிக்குப் படித்தேன், ஆனால் ரோட்டில் யாரும் வழிவிட்டுப் பார்த்ததில்லை. அதனால் அது புத்தகத்தில் மட்டும் உள்ள விதி என்று நினைத்திருந்தேன். மாஸ்டர், கைகளைக் குறுக்கே போட்டு ஸ்டீயரிங் திருப்பினால் ஃபெயில் என்கிறார்களே, உண்மையா?

ஹரோ மாஸ்டர் எழுதியது:

இல்லை தம்பி, அது சும்மா கதை. கார் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கிளட்ச்சை மிதித்தபடி சந்தி வரைக்கும் உருளவிடுகிற பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். மலையில் ஓட்டியவருக்கு அது இருக்காது என்று நம்புகிறேன்.

டெஸ்ட் சென்டரைச் சுற்றியுள்ள ரோடுகளில் பழக்குகிற ஒருவரைப் பிடித்து முதலில் ஒரு மாதிரி டெஸ்ட் ஓடிப் பாருங்கள். எத்தனை கிளாஸ் வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். டெஸ்ட் தேதி உங்கள் 12 மாதத்தைத் தாண்டி விழுந்தால், அது முடிந்த நாளிலிருந்து தனியாக ஓட்டக் கூடாது. பழகுகிறவர் என்று காட்டுகிற எல் பிளேட் கட்டி, 21 வயதுக்கு மேற்பட்ட, 3 வருஷமாக முழு லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருவரைப் பக்கத்தில் இருத்தித்தான் ஓட்டலாம். அதற்கு ஏற்றபடி இன்சூரன்ஸையும் மாற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டும் 6 பாயின்ட்டும்.