வாஷிங்டனின் 1793 அறிக்கையை வகுப்பில் எப்படி நடத்துவது?

வணக்கம். நியூஜெர்சியில் பதினொன்றாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். இந்த முறை பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காலத்து ஆவணங்களையே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஆசை.

பிரான்சும் பிரிட்டனும் மோதிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கா எந்தப் பக்கமும் சேராது என்று 1793 ஏப்ரல் 22 அன்று அதிபர் வாஷிங்டன் வெளியிட்ட அறிக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடுநிலை அறிக்கை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அதில் நடுநிலை என்ற சொல்லே கிடையாது (இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது). 1778இல் பிரான்சோடு போட்ட கூட்டணி ஒப்பந்தம் அப்போதும் உயிரோடு இருந்ததால், இப்படி அறிவிக்க அதிபருக்கு அதிகாரம் உண்டா என்று நிதியமைச்சர் ஹாமில்டனும் காங்கிரஸ் உறுப்பினர் மேடிசனும் புனைபெயரில் பத்திரிகைகளில் மல்லுக்கட்டினார்கள்.

சிக்கலே அங்கேதான். அந்தக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது, நானே சுருக்கிக் கொடுத்தால் அப்புறம் அது மூல ஆவணமாகவும் இல்லை. இரண்டு தரப்புக்கும் ஒவ்வொரு பக்க அளவில் எந்தப் பகுதியை எடுக்கலாம்? 1794இல் பிரிட்டனோடு போட்ட ஜே ஒப்பந்தத்தையும் இதோடு சேர்க்கலாமா, இல்லை தனி வகுப்பா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை வகுப்பு.